குடிநீர்ச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் 6 கூட்டங்கள் நடந்தன. தாங்கியை இரண்டு தடவை கழுவினோம். மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகும் குழாயில் உடைந்த துண்டை மாற்றினோம். பொங்கலுக்கு, நம் ஊற்றுத் தண்ணீர் குழாய்போல் கொட்டும் பீலியையும் அதன் கரையையும் துப்புரவு செய்தோம்.

இனி ஊற்றைப் பற்றி. செயலாளர் ஏன் வாளியும் கையுமாக நிற்கிறார் என்று பலர் கேட்டீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் 20 லீற்றர் வாளியைப் பீலியில் பிடித்து, நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று கொப்பியில் குறித்து வந்தேன். தையில் 4 செக்கன், ஆவணி வறட்சியில் 9. ஐப்பசி மழை பிடித்த பிறகும் பீலி பெருக்க நாலு வாரம் ஆனது. மலை உச்சியில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்பு வழியே ஊர்ந்து நம்மிடம் வர அவ்வளவு நாள் எடுக்கிறது.

நம் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மண்ணுக்கடியில் பளிங்குப் பாறை பட்டை பட்டையாக ஓடுகிறது. இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி வருடங்களுக்கு முன், ஆழத்தில் வெந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. மழைநீரில் கலந்த கரியமில வாயு அதை மெல்லக் கரைத்து வெடிப்பை அகலமாக்கும். கீழே தண்ணீர் இறங்காத கெட்டிப் பாறை குறுக்கிட்டால், தண்ணீர் பக்கவாட்டில் ஓடி ஊற்றாக வெளியே வரும். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள், கேத்தல் அடியில் படிந்த வெள்ளையைச் சுரண்டித் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள், பொங்கும். அதுவும் சுண்ணாம்புதான்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மணல் தண்ணீரை வடிகட்டும், அகன்ற வெடிப்பு வடிகட்டாது. மழைநீரில் பெரும்பங்கு மெல்ல ஊர்ந்து வந்தாலும், பெருமழையில் ஒரு பங்கு அகன்ற வெடிப்பு வழியே நேரே இறங்கிவிடும். மறுநாளே பீலி கலங்குவது அதனால்தான். ஊற்றுக்கு மேலே மலசலக்கூடக் குழியும் மாட்டுப்பட்டியும் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது யார் மீதும் உள்ள கோபத்தில் அல்ல. ஊற்றுக்கண்ணைச் சிமெந்து போட்டு மூடும் யோசனையையும் எதிர்த்தேன். வெளியேற வழியில்லாத தண்ணீர் மலைக்குள்ளேயே நின்று மண்ணைத் தள்ளும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியதை நாம் மறக்க முடியாது. ஊற்று திடீரென்று கலங்குவதும், நிற்பதும், புது இடத்தில் கிளம்புவதும் மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள். கொப்பி எழுதுவது அதற்கும்தான்.

மேலே உள்ள சின்னக் காட்டுக்கு வேலி போட, எல்லோரும் கூலியில்லாமல் கூடி வேலை செய்யும் சிரமதானம் மூன்று வைத்தேன். 62 குடும்பத்தில் முதல் நாள் 19 பேர், கடைசி நாள் 7 பேர். அந்த ஏழு பேரும் மழையில் நனைந்தபடி கம்பம் நட்டார்கள். வராதவர் வீட்டிலும் அதே தண்ணீர்தான் வருகிறது. மாதச் சந்தா 100 ரூபாய், 27 குடும்பம் ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். குழாய்க்கும் சிமெந்துக்கும் போக, கையிருப்பு கொஞ்சம்தான். தலைவருக்கும், தாங்கி கழுவிய இளைஞர்களுக்கும், தேநீர் தந்த அம்மாமாருக்கும் நன்றி.

அடுத்த வருடமும் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்கிறார் தலைவர். சரி, இருக்கிறேன். ஆனால் ஞாயிறு காலையில் வாளி பிடிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளானாலும் போதும். நிலுவைச் சந்தா சித்திரைக்குள் வந்தால் மிச்ச வேலிக்குக் கம்பி வாங்கலாம். 14 கம்பம் இன்னும் கம்பியில்லாமல் நிற்கிறது.