ஒரே பட்டியலுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் சமுதாயக் கல்லூரிகளின் நூலகங்கள் தனித்தனி சர்வர்களை விட்டுவிட்டு, கிளவுடில் இயங்கும் ஒரே நூலக மென்பொருளுக்கு மாறிவிட்டன. இப்போது எந்தக் கல்லூரி மாணவர் தேடினாலும் மற்றக் கல்லூரி அலமாரிகளில் இருப்பதும் சேர்ந்தே தெரிகிறது. எல்லோரும் மென்பொருளைப் பாராட்டுகிறார்கள், சரி, ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

முதலில் பட்டியலாளர்களுக்கு. சோதனைக்காகத் தரவை ஏற்றிப் பார்த்த அன்று ஒரே பாடநூல் மூன்று வேறு நூல்களாக வந்து நின்றது. நூலின் ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் 2007-க்கு முன்பு 10 இலக்கம், அதன்பின் 13. முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசியில் வரும் சரிபார்ப்பு இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒரு கல்லூரி பழைய எண்ணைப் பதிந்திருந்தது, இன்னொன்று புதியதை, மூன்றாவது கல்லூரியின் கோப்பையோ யாரோ விரிதாளில் திறந்து சேமித்ததில் எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யமே காணாமல் போயிருந்தது. எந்தப் பதிவுகள் ஒரே நூல் என்று மென்பொருள் பொருத்திப் பார்க்கும் விதியைத் தளர்த்தலாம்தான், ஆனால் அப்படிச் செய்தால் வேறு வேறு பதிப்புகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், நர்சிங் படிக்கிற பிள்ளை கையில் பழைய பதிப்பு போய்ச் சேரும். சந்தேகம் வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படித்துப் பார்த்துத்தான் நீங்கள் பதிவுகளைச் சேர்த்தீர்கள். அந்தப் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

நூல் விவரங்கள் மார்க் (MARC) என்ற, நூலகப் பதிவுகளைக் கணினி படிக்கும்படி எழுதும் பொது வடிவத்தில் இருந்ததால்தான் பழைய மென்பொருள்களிலிருந்து அவற்றை வெளியே எடுக்கவே முடிந்தது. 1960-களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் அந்த வடிவத்தை உருவாக்கிய ஹென்றியட் அவ்ரமுக்கும் இந்த இடத்தில் ஒரு வணக்கம். ஆனால் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் மார்க்கில் வராது, ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் இஷ்டப்படி வைத்திருக்கும். பழைய மென்பொருள் நிறுவனம் ஒன்று தரவைக் கொடுக்கவே இழுத்தடித்தது. வந்ததைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, ஒரு மாணவர் கணக்கும் தொலையாமல் ஏற்றிய கணினிப் பிரிவுத் தோழர்களே, கல்லூரி லாகினிலேயே நூலகத்துக்குள் நுழைய வழி செய்ததற்கும் சேர்த்து நன்றி.

அப்புறம், புத்தகம் வழங்கும் மேசையில் இருந்தவர்கள். பழையதை நிறுத்திவிட்டோம், புதியது இன்னும் திறக்கவில்லை என்ற அந்த இடைவெளியில் இணையம் இல்லாமலே பார்கோடுகளைச் சேமித்து, வந்த வரிசை மாறாமல் பின்பு ஏற்றினீர்கள். வரிசை மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்த புத்தகம் கொடுத்தவர் பெயரிலேயே மறுபடி ஏறியிருக்கும்.

நூலகர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பல வருடப் பழக்கமான இரவல் நாட்களையும் அபராத விதிகளையும் பொதுவான ஒன்றுக்காக விட்டுக்கொடுப்பது எளிதல்ல. சில கூட்டங்களில் குரல் உயர்ந்தது, என் குரலும்தான், அதற்கு மன்னியுங்கள். பாடத்துக்காக ஒதுக்கிய நூல்கள் அந்தந்தக் கல்லூரி மாணவர்களுக்கே என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது சரி என்று இப்போது புரிகிறது.

குறுந்தகடுகளின் பதிவுகளில் இன்னும் சில இரட்டையாகவே கிடக்கின்றன. கண்ணில் பட்டால் பார்கோடு எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்