துணி போர்த்திய பெட்டியும் 50 அடி பைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர்த் தொலைக்காட்சிகளின் வரலாறு குறித்துச் சென்ற வார இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தாளும் அச்சும் நேர்த்தியாக இருந்தன. அதற்கு முதலில் என் பாராட்டுகள். ஆனால் மூன்றாவது பத்தியில், “கேபிள் வரும்வரை மதுரையில் டி.வி. என்பது முன்னறையில் துணி போர்த்தி வைத்த பெட்டி மட்டுமே” என்று ஒரு வரி இருக்கிறது. இதை எழுதியவர் 1980-களில் மேலமாசி வீதியில் ஒருமுறையேனும் தலையை நிமிர்த்தி நடந்திருந்தால் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது எனக்கு 19 வயது. செல்லூரில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். சென்னைத் தூர்தர்ஷனின் அலை எங்களை எட்டிப் பார்க்காத அந்த நாட்களில், கடலுக்கு அப்பால் பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்த அலையைத்தான் மதுரை மொட்டை மாடிகள் பிடித்து இழுத்தன. அதற்கு 40 அடி, 50 அடி ஜி.ஐ. பைப்பும், மூன்று பக்கம் ஸ்டே கம்பியும், நுனியில் மீன் முள்ளைப் போன்ற ஆன்டெனாவும், அதன் அடியில் அலையை வலுவாக்கும் ஒரு பூஸ்டரும் வேண்டும். நான் மாடியில் நின்று பைப்பை அங்குலம் அங்குலமாகத் திருப்புவேன்; கீழே வீட்டுக்காரர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “வருது... வருது... போச்சு” என்று குரல் கொடுப்பார். “போச்சு” என்ற சொல்லுக்கு ஒரு விரற்கடை முன்னால் நட்டை முறுக்க வேண்டும், அதுதான் தொழில். வெயில் காலத்து இரவுகளில் படம் துடைத்த கண்ணாடியாக வரும், ஆடிக் காற்று வீசினால் பைப்பு ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் போகும், மறுநாள் காலையில் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். இவர்கள் எல்லோரும் பெட்டிக்குத் துணி போர்த்தத்தான் என்னைத் தேடி வந்தார்களா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பார்ப்பது இலங்கையின் நிலையமாக இருந்தாலும், வீட்டில் பெட்டி வைத்திருந்த குற்றத்துக்காக நம் ஊர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும். 1985-இல்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. தூர்தர்ஷனின் சிறு சக்தி ஒளிபரப்பி பின்னர் வந்தபோதும் அது 100 வாட் கருவிதான். டில்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியே வரும் இந்தி நிகழ்ச்சிகளை அப்படியே வாங்கி ஊரைச் சுற்றித் தெளித்துவிட்டு ஓய்ந்துவிடும். கொடைக்கானல் மலை மேலிருந்து ஒளிபரப்பு வந்த பிறகே சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் எங்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தன. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அப்படியிருந்தும் சென்னையில் நிலையம் தொடங்கிய 1975 ஆகஸ்ட் 15-ஐக் குறிப்பிட்டு, “அன்று தமிழகம் தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கியது” என்று எழுத உங்கள் கட்டுரையாளரால் முடிகிறது. தமிழகம் தாம்பரத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை நாங்கள் இவ்வளவு காலம் தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானல் தொலைக்காட்சிக் கோபுரத்தின் படத்தை வெளியிட்டு, அதன் கீழே “செல்போன் கோபுரம்” என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள். அன்றே ஒரு அஞ்சலட்டை போட்டேன். அது தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிகளைக் கட்டம் கட்டமாக மூடி, 2021 அக்டோபர் இறுதியில் மட்டும் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நிறுத்தியபோதும், தங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். “உள்ளூர் சேனல்கள் பழைய பாட்டையும் நகைக்கடை விளம்பரத்தையும் ஓட்டிக் காலம் தள்ளின” என்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. 1992 முதல் சுமார் பதினைந்து ஆண்டுகள் அப்படிப்பட்ட ஒரு சேனலின் கண்ட்ரோல் ரூமில் மாலை நேரங்களில் வேலை பார்த்தவன் நான். கண்ட்ரோல் ரூம் என்று சொன்னால் ஏதோ பெரிதாகத் தோன்றும். அது மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட பத்துக்கு எட்டு அறை. கேசட் ஓட்டும் டெக் இரண்டு, ஒரு சிறிய டி.வி., எழுத்து ஓட்டும் கருவி ஒன்று, சூடேறாமல் இருக்க, படத்தைக் கேபிளில் ஏற்றும் மாடுலேட்டரின் மேல் திருப்பி வைத்த மேசை விசிறி, அவ்வளவுதான். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கிய பிறகு தெருத் தெருவாக இணைப்பு கேட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம், கேபிளில் வரும் அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிபையரைக் கட்டிக்கொண்டே போனோம். உங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கும். நான்கு தெரு தள்ளி ஆம்ப்ளிபையர் தொங்கும் கம்பத்தில் மின்சாரம் போயிருக்கும். திட்டு மட்டும் எங்களுக்கு விழும். 1995-இல் கேபிள் சட்டம் வந்தபோது எங்கள் ஆபரேட்டர்கள் பதிவு செய்துகொள்ள எங்கே போனார்கள் தெரியுமா? மறுபடியும் தலைமை அஞ்சலகத்துக்கு.

பாட்டும் விளம்பரமும் ஓட்டினோம், மறுக்கவில்லை. சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை நேரலையாகக் காட்ட ஆழ்வார்புரத்திலிருந்து மாடிக்கு மாடி கேபிளை இழுத்து, அது அறுந்துவிடாமல் இரவு முழுவதும் ஆளுக்கொரு சந்தில் காவல் நின்றவர்களும் நாங்கள்தாம். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்பதை வைத்து அந்த ஆண்டின் மழையையும் விளைச்சலையும் கணிக்கும் ஊர் இது. ஒரு ஆண்டு விடியுமுன் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எங்கள் கேமராக்காரர் நிறத்தைச் சரிசெய்ய மறந்துவிட்டார். பச்சைப் பட்டு திரையில் பழுப்பாகத் தெரிந்தது. ஐந்தே நிமிடத்தில் தொலைபேசி மணி ஓயவில்லை. அழுகிற குரலில் ஒரு மூதாட்டி, “என்னப்பா, இந்த வருசம் பச்சை இல்லையா?” என்று கேட்டார். “பச்சைதான் ஆத்தா, எங்க கேமராதான் சரியில்லை” என்று அவருக்குச் சொன்ன பதிலையே திரையின் அடியில் எழுத்தாகவும் ஓடவிட்டேன். அதே திருவிழாவில் கூட்டத்தில் தவறிப்போன ஒரு சிறுமியை, கையில் பொரி உருண்டையோடு, கேமரா முன்னால் நிறுத்தினோம். முக்கால் மணி நேரத்தில் அவள் மாமா வந்து அழைத்துப் போனார். எந்தச் செயற்கைக்கோள் சேனல் இதைச் செய்யும்?

இவற்றுக்கு ஆதாரம் கேட்பீர்கள். ஆதாரமெல்லாம் கேசட்டுகளில் இருந்தது. சேனல் கைமாறியபோது புதிதாக வந்தவர்கள் திருவிழாக் கேசட்டுகள் சிலவற்றின் மேல் கல்யாண வீடியோவைப் பதிந்தார்கள். மற்றவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். செய்தி அறிந்து நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்த நான்குதான் மிஞ்சின. கேபிள் நிறுவனங்கள் நடத்தும் இத்தகைய உள்ளூர் சேனல்களுக்கு மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நிகழ்ச்சிப் பதிவுகளை 90 நாட்கள் வைத்திருக்கச் சொல்கின்றன. ஆக, சித்திரையில் இறங்கும் அழகரை ஆவணிக்குள் அழித்துவிடலாம். விதி மீறல் ஏதும் இல்லை. வரலாறு எழுத வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நான் நினைத்திருந்தேன். உங்கள் கட்டுரையாளர் அதற்குப் பதிலாக 2019-இல் வந்த 130 ரூபாய் மாதாந்திரக் கேபிள் இணைப்புக் கட்டணத்தையும் அதன் மேல் ஏறும் வரியையும் ஒரு முழுப் பத்திக்கு விளக்கியிருக்கிறார். அதை மாதந்தோறும் கட்டிவந்தவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

இவ்வளவு எழுதிவிட்டுத் தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, “கேபிளுக்குப் பல ஆண்டுகள் முன்பே மதுரையில் ரூபவாஹினியும் பின்னர் தூர்தர்ஷனும் பார்க்கப்பட்டன” என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையின் படக் குறிப்பில் “டிஷ்” என்று எழுதியிருப்பதையும் “ஆன்டெனா” என்று மாற்றிவிடுங்கள். மீன் முள்ளுக்கும் சட்டிக்கும் வித்தியாசம் உண்டு. அசல் படம் வேண்டுமானால், நான் கடைசியாக நட்ட பைப்பு என் வீட்டு மாடியில் இன்னும் நிற்கிறது. இப்போது அதில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறோம். படம் எடுக்க வருகிறவர் காலை பத்து மணிக்கு மேல் வந்தால் துணிகளை எடுத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செல்லூர், மதுரை.