வாசித்தவர்கள் பெயர் எங்கே?

ரோலிங் ஸ்டோன் இதழின் ஆசிரியர் குழுவுக்கு,

வணக்கம். எல்லாக் காலத்துக்குமான சிறந்த 500 பாடல்கள் என்று 2004-இல் ஒரு பட்டியல் போட்டீர்கள். 2010-இல் அதில் கொஞ்சம் ஒட்டுவேலை செய்தீர்கள். 2021-இல் பழையதை ஓரமாக வைத்துவிட்டு, கலைஞர்கள், விமர்சகர்கள் என்று 250-க்கும் மேற்பட்டவர்களிடம் புதிதாக வாக்கு வாங்கினீர்கள். பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ முதலிடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கியது. ஐந்தாவதாக இருந்த அரீத்தா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ உச்சிக்குப் போனது. எது மேலே, எது கீழே என்ற குடுமிப்பிடிச் சண்டைக்கு நான் வரவில்லை. ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்தில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். என் குறை வேறு: இந்தப் பாட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்களுக்கு உங்கள் பட்டியலில் ஒரு வரி இல்லை.

அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் ஓடிஸ் ரெட்டிங். 1965-இல் அவரே பாடி வெளியிட்டார். உழைத்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆண் கேட்கிற மரியாதை அது. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீத்தா பாடிப் பதிந்தபோது, கேட்கிறவள் பெண்ணாகிவிட்டாள். ‘ரெஸ்பெக்ட்’, அதாவது மரியாதை, என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும் அந்தப் பிரபலமான இடம் ரெட்டிங் பதிவில் கிடையாது. பின்னணிக் குரலில் அக்கா எர்மா, தங்கை கரோலின். நடுவில் வரும் சாக்ஸபோன் கிங் கர்ட்டிஸுடையது. டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ், அலபாமாவின் மஸில் ஷோல்ஸிலிருந்து வந்தவர். வெறும் பாடலை மட்டும் நீங்கள் மதிப்பிட்டிருந்தால் ரெட்டிங்கின் பதிவுக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டே! நீங்கள் முதலிடம் கொடுத்தது ஒரு ஒலிப்பதிவுக்கு. அப்படியானால் அந்த அறையில் இருந்தவர்கள் பெயரையும் போட வேண்டாமா?

நான்காம் இடத்துக்கு இறங்கிய டிலன் பாட்டை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வது அதன் ஆர்கன் ஒலியால். வாசித்தவர் ஆல் கூப்பர், அப்போது வயது 21. 1965 ஜூனில் கொலம்பியா ஸ்டுடியோவுக்கு வேடிக்கை பார்க்க அழைக்கப்பட்டவர், கிட்டார் வாசிக்கலாம் என்ற ஆசையோடு வந்தவர், ஆர்கன் காலியானதும் போய் உட்கார்ந்துவிட்டார். ஆர்கன் அவருக்குப் பழகிய வாத்தியமே அல்ல. பதிவைத் திரும்பக் கேட்டபோது அதன் சத்தத்தைக் கூட்டச் சொன்னவர் டிலன்.

டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் வாத்தியக்காரர்கள் ஃபங்க் பிரதர்ஸ், பல வருடம் பெயர் இல்லாமலே வாசித்தார்கள். 1971-இல் பாடகர் மார்வின் கே தன் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தின் அட்டையில் அவர்கள் பெயரைப் போட்டார். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் இல்லாமல் அந்தத் தலைப்புப் பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது என்று. ராக் இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000-இல். அவர் இறந்து கிட்டத்தட்ட 17 வருடம் ஆகியிருந்தது.

பெயர் என்பது பணமும்தான். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 1973 ஆல்பத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு முழுப் பாட்டைப் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. 2004-இல் வழக்குப் போட்டு, மறு வருடம் சமரசமான பிறகுதான் இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது.

சரி, பட்டியலில் பாட்டுகளுக்கு நீங்கள் எழுதும் குறிப்புகளில் இந்தக் கதைகளில் சில வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது குறிப்பெழுதுபவரின் தயவு. 2004 பட்டியலில் எழுதியவர், தயாரித்தவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தனி வரி கொடுத்தீர்கள். அதற்கு அடுத்து வாசித்தவர்களுக்கு ஒரு வரி கேட்கிறேன், அவ்வளவுதான்.

யார் வாசித்தது என்பதில் சில பாட்டுகளுக்கு இன்றும் தகராறு உண்டு, குறிப்பாக லாஸ் ஏஞ்சல்ஸ் பதிவுகளில். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் பழைய ஒப்பந்தத் தாள்களில் எந்த நாளில் யார் வந்தார்கள் என்ற விவரம் நிறையவே இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் ‘உறுதியில்லை’ என்று அச்சிடுங்கள். ஐந்நூறும் ஒரே மூச்சில் முடியாது என்றால் அடுத்த பதிப்பில் முதல் நூறுக்குச் செய்யுங்கள். ரோஜர் ஹாக்கின்ஸ் பெயர் முதல் பக்கத்திலேயே வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலோடு சண்டை போட்டபடியே பாட்டுக் கேட்கும் ஒரு வாசகன்