‘இதர’ என்ற வரிக்குள் என் அத்தையும் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மகளிர் இணைப்பில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்கள் பற்றிய கட்டுரை படித்தேன். மார்பகம், கர்ப்பப்பை வாய், சினைப்பை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில், அதாவது இதழ்களிலும் அதைச் சுற்றிய தோலிலும் வரும் புற்றுநோயின் (ஆங்கிலத்தில் ‘வல்வர் கேன்சர்’) பெயர்கூட இல்லை. கடைசி வரியில் ‘இதர’ என்று முடிந்துவிட்டது. அரிதான நோய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ‘இதர’வுக்குள் என் மாமியார் இருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் ஓர் ஆய்வகத்தில் பயாப்ஸி ரிப்போர்ட் டைப் செய்கிறேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். எந்த எண் வரும்போது அவர் குரல் இறங்கும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது.

அத்தைக்கு அப்போது 67 வயது. மூன்று வருஷமாக அரிப்பு. பழைய காட்டன் புடவையைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருப்பார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. தேங்காயெண்ணெய், வேப்பிலைத் தண்ணீர், பவுடர், அப்புறம் மருந்துக் கடையில் படர்தாமரைக்கு என்று கேட்டு வாங்கிய டியூப். தெருமுனை டாக்டரிடம் மூன்று முறை போனார். “சுகர் இருக்கில்ல பாட்டி, அதனாலதான்” என்று மூன்று முறையும் மாத்திரை எழுதினார். ஒருமுறைகூடப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. இவரும் காட்டவில்லை. “கிழவிக்கு அங்க என்னத்தம்மா காட்டறது?” என்றார் என்னிடம், உள்பாவாடையில் ரத்தக் கறையை நான் பார்த்த அன்று. பகலெல்லாம் பயாப்ஸி ரிப்போர்ட் அடிக்கிறவள் வீட்டில் நடந்த கதை இது.

அத்தையின் ரிப்போர்ட்டை நான் அடிக்கவில்லை. பக்கத்து மேஜைப் பெண் அடித்தாள். செதிள் செல் புற்று, அதாவது தோலின் மேல்படலச் செல்களில் தொடங்குவது. இந்த இடத்தில் வருவதில் பத்தில் ஒன்பது அதுதான். அறுவைக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டில் அகலம் 22 மில்லிமீட்டர், ஆழம் 4 மில்லிமீட்டர் என்றிருந்தது.

‘எந்த ஸ்டேஜ்’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தால் அந்த ஸ்டேஜ் எதிலிருந்து வருகிறது என்பது தெரியும். கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, தோலுக்குள் 1 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இறங்கியிருந்தால், தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கும் ஆபத்து இல்லையென்றே சொல்லலாம். அதைத் தாண்டினால் முடிச்சுகளைப் பார்த்தே ஆக வேண்டும். காலில் புண் வந்தால் நெறி கட்டும் என்போமே, அதே இடம்தான். இந்த நோயில் உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பதில் முதல் இடம் அந்த முடிச்சுகளுக்கு. அவற்றில் புற்று இல்லையென்றால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள்; இருந்தால் அது ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. அதிலும் எத்தனை முடிச்சு, புற்று முடிச்சின் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். உறை கிழிந்தது என்ற வரியை அடிக்கும்போது இப்போதும் என் கை ஒரு கணம் நிற்கும்.

முன்பெல்லாம் இருபக்க முடிச்சுகளையும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். பிறகு கால் வீங்கி, புடவைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். 2008-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு இதை மாற்றியது. கட்டி 4 சென்டிமீட்டருக்குள், ஒரே இடத்தில் இருந்தால், சாயமும் கதிரியக்க மருந்தும் செலுத்தி, நிணநீர் முதலில் போய்ச் சேரும் காவல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். அதில் புற்று இல்லாதவர்களில் பின்னாளில் தொடையிடுக்கில் நோய் திரும்பியது 2.3 சதவீதம் பேருக்குத்தான். கால் வீக்கம் 1.9 சதவீதம், முழுசாக எடுத்தவர்களுக்கோ 25.2 சதவீதம். அத்தைக்குச் செய்தது இந்தச் சோதனைதான். இரண்டு பக்கமும் சுத்தம். இன்றைக்கும் பெரம்பூர் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கீரை வாங்கி வருகிறார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். கட்டுரையில் நீங்கள் விட்ட பெரிய விஷயம் இந்த இடத்தில்தான் வருகிறது. அதே ஆய்வில் இருந்த பெண்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்ததில், அறுத்த பகுதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் நோய் திரும்பியது ஐந்து வருஷத்தில் 27 சதவீதம் பேருக்கு, பத்து வருஷத்தில் 40 சதவீதம் பேருக்கு. அதாவது ஐந்து வருஷம் ஆனதும் கணக்கை மூடிவிட முடியாது. ஆனால் அங்கேயே திரும்புவதைச் சிறிதாக இருக்கும்போது பிடித்தால் மறுபடி அறுத்துக் குணப்படுத்த முடிகிறது. தொடையிடுக்கில் திரும்பினால்தான் பெரும்பாலும் கை மீறிப் போகிறது.

ஏன் அங்கேயே திரும்புகிறது? அறுத்த விளிம்பில் 8 மில்லிமீட்டர் நல்ல தோல் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். அந்த எண்ணை இப்போது அவ்வளவு கறாராகப் பிடிப்பதில்லை. விளிம்பில் புற்றுக்கு முந்தைய மாற்றம் மிச்சமிருக்கிறதா என்பதையும் கவனிக்கிறார்கள். தோலே கெட்டிருந்தால் எவ்வளவு தள்ளி அறுத்தாலும் பக்கத்தில் இன்னொன்று முளைக்கலாம். இந்த நோய் வருவதற்கு இரண்டு வழி. ஒன்று உடலுறவு வழியாகத் தொற்றும் ஹெச்.பி.வி. வைரஸ், குறிப்பாக அதன் 16-ஆம் வகை. சற்று இளைய பெண்களுக்கு வருவது, பொதுவாகச் சிகிச்சைக்குப் பிறகு நன்றாகத் தேறுகிறார்கள். மற்றது லைக்கன் ஸ்க்லெரோசஸ்: தோல் வெளுத்து, மெலிந்து, வருஷக்கணக்கில் அரிக்கும். அத்தைக்கு இருந்தது இது. ஹெச்.பி.வி. தடுப்பூசி முதல் வழியைப் பெருமளவு அடைக்கும். இரண்டாவதற்கு ஊசி கிடையாது. தோல் மருத்துவர் பார்த்து எழுதும் ஸ்டீராய்டு களிம்பு உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இந்தத் தோல் நோய் உள்ள 507 பெண்களைப் பார்த்தார்கள். சொன்னபடி தடவியவர்களில் ஒருவருக்கும் புற்று வரவில்லை. அரைகுறையாகத் தடவியவர்களில் 4.7 சதவீதம் பேருக்குப் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ வந்தது. மருந்துக் கடை டியூபிலும் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று அத்தை என்னை மடக்குவார். இருந்திருக்கலாம். யாரும் பார்க்காமல் தடவியது அது.

மூன்றாவது வருஷச் செக்-அப்பில், தையல் போட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மிளகளவு ஒரு தடிப்பை டாக்டர் கண்டார். அத்தைக்கு வலியோ அரிப்போ இல்லை. ஆழம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்ன அறுவை, மறுநாள் வீடு. அந்தச் செக்-அப்புக்கு ‘நல்லாத்தானே இருக்கேன், ஆட்டோக்காசு தண்டம்’ என்று அடம்பிடித்தவரைத்தான் கூட்டிப் போயிருந்தேன்.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். காப்பீட்டுத் தாளில் கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று எழுதியிருந்தார்கள். அத்தைக்கு 40 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. திருத்தச் சொன்னேன். “இதைத் தமிழ்ல எப்படிம்மா எழுதறது?” என்று கவுண்டரில் இருந்த தம்பி நிஜமாகவே தவித்தார். பாவம், அவருக்கு அந்தச் சொல்லை எந்தப் பத்திரிகையும் சொல்லித் தரவில்லை.

அடுத்த இணைப்பில் அரைப் பத்தி போதும், பெயரைச் சொல்லி எழுதுங்கள். மாதவிடாய் நின்றபின் வாரக்கணக்கில் நீடிக்கும் அரிப்பு, வெளுத்த தோல், ஆறாத புண், ரத்தக் கசிவு இருந்தால் களிம்பு வாங்குமுன் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று போடுங்கள். சிகிச்சை முடிந்தவர்கள் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். செக்-அப்புக்குக் கடைசித் தேதி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். வெட்கப்படாதீர்கள் என்று இவ்வளவு எழுதிவிட்டு இப்படிக் கேட்பது எனக்கே ஒருமாதிரிதான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் உங்கள் பத்திரிகையை நாலு வீட்டில் வாங்குகிறார்கள், அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி,
பெரம்பூர், சென்னை – 11