மதியம் இரண்டு மணிக்கு மூடிய கிறிஸ்துமஸ் சந்தைக்கு எங்களை மாலையில் கொண்டுபோய் இறக்கியது தொடர்பாக

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் மின்னஞ்சலில் போயின. "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்" என்று நான்குக்கும் ஒரே பதில். அந்தக் குழு எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் நானே வந்து தொடர்புகொண்டிருப்பேன். வேறு வழியில்லாமல் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

சுற்றுலாப் பேக்கேஜைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, உங்களுடையதுதானே. ஜெர்மனியில் நூரெம்பெர்க், "ரொமான்டிக் கிறிஸ்துமஸ்", ஐந்து இரவு, இரண்டு பேர். கையேட்டின் அட்டையிலேயே ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தை, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைக் கடைகள், பின்னால் ஃப்ராவன்கிர்ஹெ தேவாலயம். அந்தப் படத்தைக் காட்டித்தான் என் மனைவியிடம் சம்மதம் வாங்கினேன். டிசம்பர் 27-ஆம் தேதியோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். தேனிலவுக்குப் போனது கொடைக்கானல், அதுவும் என் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு. அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பயணம்.

டிசம்பர் 24 சாயங்காலம் ஆறரைக்கு நூரெம்பெர்க் ஸ்டேஷனில் இறங்கினோம். பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு நடந்தோம். ஊரே அடங்கிக் கிடந்தது. கடை எல்லாம் பலகை போட்டுச் சாத்தியிருந்தது. ஒரு விளக்கு இல்லை, ஒரு பாட்டு இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் எங்களைப் பாவமாகப் பார்த்துவிட்டு, "இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது" என்றார்.

நூரெம்பெர்க் சந்தை ஒவ்வொரு வருஷமும் 24-ஆம் தேதி மதியம் 2 மணிக்கு மூடும். இது ரகசியம் இல்லை, அந்த நகரத்தின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். அன்று மாலை ஜெர்மனியில் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை, கடைகள் திறக்காது. நாயோடு போன பெரியவருக்குத் தெரிந்தது, "ஐரோப்பிய கிறிஸ்துமஸ் நிபுணர்கள்" என்று பலகை மாட்டியிருக்கும் உங்களுக்குத் தெரியாதா? தெரியாமல் விற்றீர்களா, தெரிந்தே விற்றீர்களா? இரண்டில் எது என்று எழுத்தில் வேண்டும்.

அங்கே நின்றபடியே உங்கள் 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அங்கே இரவு ஏழரை, இங்கே நள்ளிரவு. பதினெட்டு நிமிஷம் பாட்டு ஓடிய பிறகு ஒரு தம்பி எடுத்தார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னேன். "மார்க்கெட் மூடினா நாங்க என்ன சார் பண்றது? கிறிஸ்துமஸ்தானே, சர்ச்சுக்குப் போங்க சார்" என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது.

சர்ச்சுக்குப் போ என்று எனக்குச் சொல்லித்தர நீங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறீர்களா? நான் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்து நிழலில் வளர்ந்தவன். 25 வருஷத்தில் முதல்முறையாக அந்த ராத்திரி ஆராதனையை விட்டுவிட்டு, தம்பி வீட்டுப் பிரியாணியை விட்டுவிட்டு, உங்கள் அட்டைப் படத்தை நம்பி வந்தவன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பணம் போனதுகூட ஒரு பக்கம், அந்தச் சிரிப்பை மட்டும் நான் சும்மா விடப்போவதில்லை.

மன்னிக்கவும், வரிசையாகச் சொல்ல நினைத்தேன். முதலில் சொல்ல வேண்டியது விசா விஷயம்.

எங்களுடைய முதல் தேதி டிசம்பர் 17 முதல் 22. அந்தத் தேதியில் போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நவம்பர் 12-ஆம் தேதி விசா மையத்தில் நேரம் கிடைத்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து, சென்னையில் பல் துலக்கி, ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றோம். கவுன்டரில் இருந்த பெண் உங்கள் ஓட்டல் வவுச்சரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்டில் வேற பேரு இருக்கே" என்றார். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, அப்படியே புதுப்பித்து வந்திருக்கிறோம். நீங்கள் வவுச்சரில் என் பெயரைச் சேர்த்து அடித்திருக்கிறீர்கள். பாஸ்போர்ட் நகல் உங்களிடம் இருந்தது, மூன்று முறை அனுப்பியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாதா?

திருத்தி அனுப்பச் சொல்லி உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டால், சாப்பாட்டு நேரம் என்றார்கள். ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்தோம். ஒரு மணி நேரம் கழித்து வந்த புது வவுச்சரில் பெயர் சரி, தேதி தப்பு. அதைத் திருத்தி வாங்குவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. அன்று ராத்திரியே திரும்ப நெல்லை எக்ஸ்பிரஸ். அடுத்த நேரம் டிசம்பர் 2-ஆம் தேதிக்குத்தான் கிடைத்தது. மறுபடியும் லீவு, மறுபடியும் அதே ரயில். விசா கையில் கிடைத்தபோது டிசம்பர் 19.

உங்கள் தவறால் தேதி தள்ளிப்போனது. அதற்கும் எங்களிடமே 38,600 ரூபாய் "தேதி மாற்றக் கட்டணம்" வாங்கினீர்கள்! 24-ஆம் தேதி போனால் சந்தை இருக்குமா என்று நான் கேட்டேன். கேட்டதற்கு ஆதாரம் வாட்ஸ்ஆப்பில் இருக்கிறது. உங்கள் பதிலும் இருக்கிறது: "கிறிஸ்துமஸ் 25 தானே சார், நீங்க ஒரு நாள் முன்னாடியே போறீங்க." தீபாவளிப் பட்டாசுக் கடை தீபாவளிக்கு மறுநாளும் திறந்திருக்கும் என்று நினைக்கிற ஆள்தான் இப்படி எழுத முடியும்.

அதே தேதிக்கு பிராகுக்கு அனுப்பியிருக்கலாமே. நூரெம்பெர்க்கிலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம்தான், அங்கே பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கிறது. வியன்னாவில் நகர மண்டபத்துக்கு முன்னால் 26-ஆம் தேதி வரை உண்டு. இதெல்லாம் ஓட்டல் அறையில் முடங்கிக் கிடந்தபோது நான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டது. நிபுணர் நீங்களா, நானா?

அன்று ராத்திரி நாங்கள் சாப்பிட்டது என்ன தெரியுமா? திறந்திருந்த ஓட்டல் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஸ்டேஷனில் வாங்கிய ரொட்டியும், என் மாமியார் கட்டிக்கொடுத்த அச்சுமுறுக்கும். அந்த முறுக்கு மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்போமோ.

25-ஆம் தேதி மதியம் மறுபடி சதுக்கத்துக்குப் போனோம். 12 மணிக்கு ஃப்ராவன்கிர்ஹெ கடிகாரத்தில் ஏழு பொம்மைகள் வெளியே வந்து நான்காம் கார்ல் பேரரசரைச் சுற்றிப் போயின. 1509-லிருந்து சுற்றுகின்றனவாம். அதை மட்டும் உங்களால் மூட முடியவில்லை, அதற்கு நன்றி. பக்கத்தில் உள்ள அழகு நீரூற்றின் கம்பி வேலியில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. அதைச் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்பார்கள். என் மனைவி கையுறையைக் கழற்றிவிட்டு மூன்று முறை சுற்றினாள். என்ன வேண்டினாய் என்றேன். "ரீஃபண்ட் வரணும்னு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சந்தையில் சூடான பானத்தை ஒரு கோப்பையில் ஊற்றித் தருவார்கள், கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். திருப்பிக் கொடுக்க மனமில்லையென்றால் கோப்பையை நாமே வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றைக் கொண்டுவந்து ஷோகேஸில் வைக்க நவம்பரிலேயே இடம் ஒதுக்கியிருந்தாள். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. இதற்கு நீங்கள் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. எங்கள் வெள்ளிவிழாவே பாழ்.

"சுற்றுலா நிகழ்ச்சிகள் உள்ளூர் சூழலுக்கு உட்பட்டவை" என்று ஒருமுறை போனில் சொன்னீர்கள். மழையா பெய்தது? வருஷா வருஷம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் மூடுகிற சந்தை எப்படி உள்ளூர் சூழல் ஆகும்?

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அதனால் மரியாதையோடு கேட்கிறேன். தேதி மாற்றக் கட்டணம் 38,600 ரூபாய் முழுதாகவும், பேக்கேஜ் தொகை 4,38,000 ரூபாயில் பாதியும் திரும்ப வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்று எங்களிடம் பிடித்த டி.சி.எஸ். வரிக்கான சான்றிதழ் இன்னும் வரவில்லை, அதுவும் வேண்டும். அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்ட என் மனைவிக்கு.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை இரண்டையும் சேர்த்தே போடுவேன். இந்த முறை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியது நீங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.

இணைப்பு: வவுச்சர்கள் மூன்று (தப்பானவை இரண்டு), வாட்ஸ்ஆப் உரையாடல் நகல், ரயில் டிக்கெட்டுகள், பூட்டிய கடைகளின் படங்கள் ஆறு.

பின்குறிப்பு: நேற்று உங்களிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. காதலர் தினத்துக்கு பாரிஸ், பழைய வாடிக்கையாளர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடியாம். தயவுசெய்து என் எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.