செப்டம்பர் 30க்கு முன்னால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். வேலை அதிகமாக இருக்கும், குறை சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே கான்சாஸில் டாட்ஜ் சிட்டிப் பக்கம் கோதுமை அறுவடை முடிந்துவிட்டது. விளைச்சல் சுமார்தான். வடக்கு நிலம் 160 ஏக்கருக்கும் அரசாங்கத்தோடு போட்ட சி.ஆர்.பி. என்ற மண் பாதுகாப்பு ஒப்பந்தம் வருகிற செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. பத்து வருஷம் ஓடிவிட்டது. உழாமல், விதைக்காமல் புல்லை வளரவிட்டதற்கு வருஷா வருஷம் அக்டோபரில் அரசாங்க வாடகை வந்துகொண்டிருந்தது. இப்போது வந்து பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. இடுப்பளவு புல். வசந்த காலத்தில் விடியும்போது புல்வெளிக் கோழிகள் கூடி ஆடுகின்றன. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகலை இருட்டாக்கிய புழுதியைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாரே, அதே மண் இன்று எந்தக் காற்றுக்கும் அசையாமல் கிடக்கிறது.

கவுண்டி விவசாய அலுவலகத்தில் இன்னொரு திட்டமும் சொன்னார்கள். புதிதாக விவசாயத்துக்கு வருகிற ஒருவருக்கு நிலத்தை விற்றாலோ நீண்ட குத்தகைக்கு விட்டாலோ இன்னும் இரண்டு வருஷம் வரை வாடகை கிடைக்குமாம். ஆனால் அவர் நம் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. தெற்கு வீட்டுப் பையன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான். மாடு மேய்க்கப் போகிறானாம். நல்ல பையன். உன் வயதுதான்.

உன் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையாகத்தான் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் பதில் இல்லை. அம்மா உன் அறையைத் துடைத்து வைத்திருந்தாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் போட்ட அந்த வருஷம் நீ அந்த நிலத்தைக் கேட்டாய். கடனை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னாய். மண் பறக்கிறது, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றேன். மண் பறந்தது உண்மை. கையெழுத்துப் போட்டது நீ கேட்டதற்கு மறுநாள். எண்பதுகளில் கடனுக்கு நிலத்தை ஏலத்தில் விட்ட பெரியப்பா கண் முன்னால் வந்து நின்றார். காசோலை நிச்சயம், நீ எப்படியோ என்று நினைத்துவிட்டேன். என் பயத்தை உன்னிடம் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னேன். மூன்றாம் வருஷம் மனசு கேட்காமல் முறித்துவிடலாமா என்று விசாரித்தேன். அதுவரை வாங்கியதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றார்கள். அதற்கும் பயந்தேன்.

தெற்கு வீட்டுப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷ வாடகை போனால் போகட்டும். வேலிக் கம்பிகள் மட்டும் துருப்பிடித்திருக்கின்றன, மாற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் வீட்டில்தான் இருப்போம். சரி, நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா