உன் அறிமுகக் குறிப்பு பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய அறிமுகக் குறிப்பைப் படித்தேன். பயிற்சியில் இருக்கும் மனநல ஆலோசகர் என்பதையும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இருப்பதையும் முதல் வரியிலேயே சொன்னது சரி. ஆனால் மொத்தத்தில் பயோடேட்டா மாதிரி இருக்கிறது. ஆள் யாரென்றே தெரியவில்லை.

நம் மெடிக்கல் ஷாப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? லீவில் நீ கவுண்டரில் நிற்கும்போது, கர்ப்பம் பார்க்கும் கிட் கேட்டு யாராவது தயங்கினால் ஏன், எதற்கு என்று கேட்க மாட்டாய். பேப்பரில் சுற்றிக் கொடுத்து, "காலைல எழுந்ததும் பாருங்கக்கா" என்பதோடு சரி. திருநங்கை யாராவது வந்தால், காசை மேஜையில் வைக்கச் சொல்கிற கடைகள் நம் தெருவிலேயே உண்டு. நீ கையில் வாங்குவாய். உன்னிடம் வரப்போகிறவர்களுக்குச் சான்றிதழைவிட இதுதான் தெரிய வேண்டும்.

அப்புறம், தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களையோ திருநர்களையோ 'மாற்ற' முயல மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே சட்டத்தையும் போடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் "எத்தனை சிட்டிங்ல சரியாகும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படிச் 'சரிசெய்யும்' முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை போட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. உயர் நீதிமன்றத்துக்கு வந்தது மதுரையிலிருந்து போன இரண்டு பெண்களின் வழக்கு. எனக்குப் பிடித்தது தீர்ப்புக்கு முன்னால் நடந்தது: நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார்.

அதனால்தான் உன் கடைசிப் பத்தி எனக்கு ஒப்பவில்லை. அதில் அப்பா அம்மா என்றாலே 'குடும்ப அழுத்தம்' மட்டும்தானா? வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அந்தக் குறிப்பைப் படிப்பாள். பெற்றோரும் தனியாக வந்து பேசலாம், ஆனால் பிள்ளை சொன்னதை அவர் சம்மதமில்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இரண்டையும் சேர்த்தே எழுது.

கட்டணத்தையும் போட்டுவிடு. படிக்கிற பிள்ளைகள் அதைக் கேட்கவே கூச்சப்படுவார்கள்.

அன்புடன்,
அப்பா